அம்மா பழகிய ஆங்கில வாக்கியம்

“ரெடினஸ்னு ஒரு வார்த்தை. அத வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கம்மா, வேன் வந்துரும் லா!” என்று மகன் அவசரப்படுத்தினான். எனக்குச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த செந்தூல் ஃபிளாட்டின் சமையலறைதான் நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்கு வேலை போன வருடம் அது. நெத்திலி வதங்கும் நெடியில் அம்மா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே, தொழிற்சாலை நேர்காணலுக்காக, “ஐ ஹேவ் தி ரெடினஸ் டு வொர்க் நைட் ஷிஃப்ட்” என்று திக்கித் திக்கிப் பழகினார்.

“ராத்திரி வேலைக்கெல்லாம் நீ போக வேணாம்,” என்றார் அப்பா.

அம்மா அடுப்பை அணைத்தார். அப்பாவை நேராகப் பார்த்து, அதே வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னார். மறுநாள் காலை அப்பாவே மோட்டார் சைக்கிளில் அம்மாவை நேர்காணலுக்குக் கொண்டுபோய் விட்டார்.

வேலை கிடைத்துத் திரும்பிய அம்மாவிடம், “அங்க அதைச் சொன்னீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“எங்கடி? மலாய்லயே கேட்டு முடிச்சிட்டாங்க. இங்கிலீஷு வீட்லதான் தேவைப்பட்டுச்சு.”