பரவாயில்லை அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அக்காவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பரவாயில்லை அக்கா" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கைதவறித் தட்டிவிட்டால் பரவாயில்லை. ஈரத் துணி மூட்டை காலில் விழுந்தால் பரவாயில்லை. ஒரு தடவை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும் சேர்த்து நானே எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

பத்தொன்பது வருஷமாக விரிப்பின் ஒரு முனையில் நான், மறு முனையில் அவர். கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஒரு உதறு, நீளவாக்கில் ஒரு மடிப்பு. அப்புறம் ஒருத்தர் நின்ற இடத்திலேயே நிற்க, இன்னொருத்தர் தன் முனையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய், மறுபடி வரவேண்டும். நிற்கிற ஆள், நடக்கிற ஆள் என்று சொல்வோம். ஒரு ஜோடிக்கு ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எங்கள் ஜோடியில் நான் நிற்கிற ஆள், அக்கா நடக்கிற ஆள்.

ஆறு வருஷமாக அக்காவுக்கு உடம்பு முழுக்க வலி. காலையில் விரல் மடங்காது. பத்து மணிக்கு மேல் விரல் வழிக்கு வந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். அதைவிடக் கொடுமை அந்தக் களைப்பு. மற்றவர்களுக்கு வேலை செய்தால் களைப்பு வரும், இவருக்குத் தூங்கி எழுந்தாலே களைப்பு. ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் சகஜம் என்றார்கள் சிலர். உட்காருவதற்கு ஒரு சாக்கு என்றார்கள் சிலர். ஆரம்பத்தில் நானும் அப்படி நினைத்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன். கட்டுப் போட்டால்தான் வலியை நம்புவோம் நாம்.

என்னை நம்ப வைத்தது விரிப்புதான். உதறும்போது மறு முனையிலிருந்து ஒரு இழுவை வரும். பல வருஷம் அந்த இழுவை கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது. மெல்ல மெல்ல அது தளர்ந்தது. சில நாள் என் கைக்கு எதுவுமே வந்து சேராது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா சிரிப்பார்.

"என்னக்கா, முடியலையா?"

"பரவாயில்லடி, நீ உதறு."

அக்காவின் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போய், நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறார். வெந்நீர் ஒத்தடப் பை வீட்டில் ஒன்றுதான். ஒரு நாள் சாயங்காலம் போயிருந்தபோது கண்ணால் பார்த்தேன். "உனக்குத் தோளுக்கு வெச்சுக்கோ" என்று அவர் நீட்டுகிறார். "பரவாயில்ல, உங்க இடுப்புக்கு வைங்க" என்று இவர் தள்ளுகிறார். இப்படி ஏழெட்டு தடவை பை போய்ப் போய் வந்ததில் தண்ணீர் ஆறியே போய்விட்டது. அப்புறம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. எங்கள் மடிப்புகள் கோணலாகப் போவதாக வார்டுகளிலிருந்து புகார் வந்தது. மேற்பார்வை பார்க்கும் அம்மா கெட்டவர் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"கிழிசல் பார்க்கிற மேஜை காலியாகுது. உட்கார்ந்து செய்யற வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்தா உங்களுக்குத் தர்றேன். எழுதித் தரலைன்னா மடிக்கிற வேலைதான். அதுவும் முடியலைன்னா மேல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்காரருக்கு வருமானம் இல்லை. அக்கா ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒரு காகிதத்தில்தான் எல்லாம் தொங்கியது. அக்காவைத் தனியாக விட்டால் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று தெரிந்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஊழியர்களைப் பார்க்கும் டாக்டருக்கும் அறுபதை நெருங்கும் வயது. நிதானமானவர். அக்காவின் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"வேலையை மாத்தித் தரணும்னு நான் எப்படிம்மா எழுத முடியும்? ஆறு வருஷமா உங்களுக்கு முன்னேற்றம்தானே? பாருங்க, ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குன்னு கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கீங்க. போன தடவை மாத்திரையைக்கூடக் குறைச்சேனே."

அக்கா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்ததும் என் பொறுமை போயே போய்விட்டது.

"டாக்டர், நீங்க கேட்ட பரவாயில்லை வேற, இவங்க சொன்ன பரவாயில்லை வேற!"

"அதென்ன வேற?"

"நீங்க வலி குறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கிட்டீங்க. இவங்க 'உங்களுக்கு எதுக்குச் சிரமம், விட்டுடுங்க'ன்னு சொல்லியிருக்காங்க. ஆறு வருஷமா!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோப்பின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"சரிம்மா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். "ஏதோ ஓடுது" என்றார்.

"அதுவும் வேண்டாம்."

அவ்வளவுதான், அக்காவின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. நான் எழுந்து, பரிசோதனைக் கட்டிலின் விரிப்பை உருவி, ஒரு முனையை டாக்டரிடம் நீட்டினேன்.

"பிடிங்க டாக்டர். நீங்க நிக்கிற ஆள்."

டாக்டருக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வந்து பிடித்தார். படிப்பு வேறு, விரிப்பு வேறு. எந்த மூலையைப் பிடிப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. அக்கா சொல்லிக்கொடுத்தார். ஒரு உதறு, ஒரு மடிப்பு. அக்கா நடந்து வந்து கொடுத்தார், மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மறுபடி டாக்டர் லேசாக இழுத்ததும் அக்காவின் விரலிலிருந்து துணி நழுவித் தரையில் விழுந்தது. டாக்டர் அதை எடுக்கக் குனிந்தார். பாதியில் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"ஐயோ, இடுப்பா டாக்டர்? ரொம்ப வலிக்குதா?" என்று அக்கா பதறினார்.

"பரவாயில்லம்மா" என்றார் டாக்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்று பேரும் சிரித்தோம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அப்புறம் அது நிற்கவில்லை. அந்த அழுகையோடுதான் பேச்சு வந்தது.

"பாட்டில் மூடியைத் திறக்க முடியல டாக்டர். ஜாக்கெட் கொக்கி மாட்ட அவரைக் கூப்பிடறேன். தலை வாரி முடிக்கறதுக்குள்ள கை தானா கீழ விழுந்துடுது. பஸ்ல கம்பியைப் பிடிக்க முடியாது, அதனால காலி பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறேன். வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டத் தெம்பு இருக்காது. அப்படியே வாசப்படியில உட்கார்ந்துடுவேன். அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார்னு, காத்து வாங்கறேன்னு சொல்லுவேன்."

டாக்டர் ஒன்று விடாமல் எழுதினார். பிறகு விரிப்பைக் காட்டிக் கேட்டார்.

"நடக்கிற வேலை எப்பவும் உங்களுக்குத்தானா?"

"ஆமா" என்று நான்தான் பதில் சொன்னேன். ஏன் எப்பவும் அவர்? அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, "நீ நில்லுடி, நான் நடக்கறேன்" என்றார் அக்கா. அதற்கு முன்னால் நாங்கள் வாரம் மாற்றி வாரம் நடந்துகொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நான் நின்றவள் நின்றபடியே இருந்துவிட்டேன். ஊரையெல்லாம் திட்டத் தெரிந்த எனக்கு, இது கண்ணில் படவேயில்லை.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பரவா..." என்று ஆரம்பித்து, டாக்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் காகிதத்தை எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கும் மூட்டு வைத்தியரிடம் காட்டவும் தனியாகச் சீட்டு தந்தார். "இது உங்க கற்பனை இல்லம்மா, சோம்பேறித்தனமும் இல்ல. முழுசா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதைவிட நல்லா இருக்க முடியும். களைச்சுப் போன பிறகு உட்காராதீங்க, களைக்கறதுக்கு முன்னாடியே உட்காருங்க" என்றார். உன்னை நம்புகிறேன் என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னதிலேயே அக்காவின் முகம் பாதி தெளிந்துவிட்டது. அந்த மனுஷரை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். அன்றைக்குத் திரும்பும் வழியிலேயே இன்னொரு ஒத்தடப் பை வாங்கி அக்கா கையில் திணித்தேன். இனி அவரவர் பை அவரவருக்கு.

இப்போது அக்கா ஜன்னலோர மேஜையில் கிழிசல் பார்க்கிறார். எனக்குப் புது ஜோடி. முதல் நாளே, "நான் நடக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. நாற்பத்தேழு வயதில் எனக்கே இப்படி. அக்காவின் கால்கள் எனக்காகப் பன்னிரண்டு வருஷம் நடந்திருக்கின்றன, அதில் பாதி வலியோடு. இப்படி ஒருத்தர் கூடப்பிறக்காமல் எனக்கு அக்காவாக வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் அவருடைய மேஜைக்குப் போனேன்.

"இன்னிக்கு எப்படிக்கா இருக்கு?"

அக்கா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். பிறகு கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"வலிக்குதுடி" என்றார். "வெயில் தோள்ல பட்டா இதமா இருக்கும். இந்த நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடறியா?"

பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அவர் எழுந்துகொண்டார், நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.