கினுவுக்கு ஒரு கொட்டை

அறுபதுகளின் கடைசியில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றின் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எனக்குக் கிடைத்தது. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுத்துக்கு முன்னால் பிள்ளைகளின் காதைப் பழக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பேச்சில் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எது எங்கே முடிகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். வார்த்தைக்கு ஒன்றாக அவர்கள் தரையில் புளியங்கொட்டை வைக்க வேண்டும். புத்தகத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடாது என்பதால், அவர்கள் பேசுகிற மாதிரியே சொல்வேன்.

முதல் வாரக் கூத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. "கோபுரம் தெரியுது" என்றேன். ஒருவன் ஒரு பிடி கொட்டையைக் குவித்துவிட்டு, "கோபுரம் எம்மாம் பெரிசு டீச்சர், ஒண்ணு பத்துமா?" என்றான். எறும்பைப் பற்றிச் சொன்னால் உடைந்த கொட்டையாகத் தேடினார்கள். ஆனாலும் ஒரு மாதத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. பட்டுத் தறி ஓடும் வீட்டுப் பெண். சில சமயம் சரியாக வைப்பாள், பல சமயம் ஒன்று கூட்டி வைப்பாள். "பாப்பா தூங்கிக்கினு இருக்குது" என்றால் மூன்று. அவள் நான்கு வைப்பாள். இஷ்டத்துக்கு வைக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

தலைமையாசிரியையிடம் போய், இந்தப் பெண்ணுக்கு ஏறவில்லை என்றேன். பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் சேர்க்கச் சொல் என்றார். அவள் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன்.

"அடுத்த வருஷம்னா அவங்க அப்பா வுட மாட்டாரு டீச்சர். தறியாண்டயே உட்கார வெச்சிடுவாரு" என்றார் அந்த அம்மா. நான் மனம் இளகவில்லை. புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலையிலும் கொட்டைகள்தான். "அம்மா தண்ணி எடுத்துக்கினு வராங்க" என்றேன். வகுப்பு நான்கு வைத்தது. அவள் ஐந்து.

"எதுக்குடி அஞ்சாவது?" என்று கத்தினேன். கோபத்தில்தான் அந்தக் கேள்வி முதல்முறையாக வாயில் வந்தது.

அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "அம்மா. தண்ணி. எடுத்து. கினு. வராங்க."

"எடுத்துக்கினு ஒண்ணுதானே?"

"இல்ல டீச்சர். எடுத்து வராங்கன்னும் சொல்லலாமே. கினு வேற." எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மேலும் சொன்னாள்: "எங்க வூட்டுப் புடவையில கரை வேற, உடல் வேற. கோர்வை போட்டு ரெண்டையும் சேத்தா ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு."

மேஜைமேல் இருந்த பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். 'எடுத்துக் கொண்டு'. நடுவில் இடம் விட்டு அச்சடித்திருந்தது. அந்தக் கொண்டுதான் இவர்கள் வாயில் தேய்ந்து கினுவானது. எழுத்தே தெரியாத பெண் அதைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கினு இல்லாத வாக்கியங்களில் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தலைமையாசிரியையிடம் ஓடி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெயர் அப்படியே இருக்கட்டும் என்றார்.

மத்தியானம் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். அழுதிருந்த முகம். "உங்க பொண்ணு சரியாத்தாம்மா வெச்சிருக்கா. எனக்குத்தான் எண்ணத் தெரியல" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ கூட்டிக்கினு போக வாணாமா டீச்சர்?" என்று கேட்டார்.

தரையில் டக் டக்கென்று சத்தம். திரும்பினேன். அம்மாவின் கேள்விக்கு அவள் ஆறு கொட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, ஏழாவதைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணாம்" என்றேன்.

அவள் அந்த ஒன்றை வைத்தாள்.