ஆளில்லா வண்டிக்கு முன்னால் போனவர்

"வழித்தட ஆயத்த நிர்வாகி: தன்னியக்க வாகனத்தின் உணரிகள் எதிர்கொள்ளவிருக்கும் சாலைச் சூழலை முன்கூட்டியே மதிப்பிட்டு, இடர்களை விருப்பு வெறுப்பின்றி வகைப்படுத்தி, வாகனத்தின் கற்றலில் குறுக்கிடாமல் துணைநிற்கும் தொழில்நுட்ப வல்லுநர்."

பச்சையம்மாளுக்குக் கம்பெனி கொடுத்த நியமனக் கடிதம் அவரை இப்படித்தான் விவரிக்கிறது. வல்லுநருக்கு வயது நாற்பத்து நான்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் அரைப்பரீட்சையோடு சரி. கருவிகள் இரண்டு: நீளக் காம்பு போட்ட விளக்கமாறு ஒன்று, தானியம் தள்ளும் பலகை ஒன்று. இரண்டையும் மொபெட்டின் பின்னால் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மின்சார வேனுக்கு நானூறு மீட்டர் முன்னால் போவார். சாலையில் கிடப்பதை ஒதுக்குவார். பின்னால் வேன் வரும், எதிர்காலம் வருவதைப் போலவே: மெதுவாக, சத்தமில்லாமல், யாராவது வழி விட்டால்.

கம்பெனி பெங்களூரிலிருந்து வந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் கிளை பிரிகிற ஒன்பது கிலோமீட்டர் சாலையைத் தேர்ந்தெடுத்தது. அது சிக்கலான சாலை என்பதே காரணம். சிக்கல் என்றால் குண்டும் குழியும் அல்ல. தார் நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததால்தான் அதன் மேல் எல்லாமும் இருந்தன: ஆடுகள், சுண்ணாம்புக்கல் லாரி உதிர்த்துவிட்டுப் போன கற்கள், கல்யாண வீட்டுப் பந்தலின் ஒரு கால், தை மாசியில் ஊர் மொத்தத்தின் தானியம். "இந்தியாவின் மிகச் சிக்கலான சாலையில் ஓடிக் காட்டிய வண்டி" என்று முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டும் என்பது திட்டம். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில், சாலை உண்மையிலேயே சிக்கலானது என்று தெரிய வந்தது. கடினம் என்பதற்காகவே தேடிப் பிடித்த சாலையை எளிதாக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

ஆக, ஆளில்லா வண்டிக்கு ஆட்கள் மூவர். முன்னால் பச்சையம்மாள். ஓட்டுநர் இருக்கையில் அரியமுத்து. இருபத்திரண்டு வருடம் சிமெண்ட் ஆலைக்கு டிப்பர் ஓட்டியவர், இப்போது ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். பின் இருக்கையில் மடிக்கணினியோடு ஜெயப்பிரகாஷ். பெரம்பலூரில் பொறியியல் படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து பெரம்பலூருக்கே அனுப்பப்பட்ட இளைஞர்.

"உங்களுக்கென்னண்ணே, உக்காந்துக்கிட்டே வேல" என்பார் பச்சையம்மாள் அரியமுத்துவிடம்.

"சும்மா உக்கார்றது எம்மாம் கஷ்டம்னு உனக்குத் தெரியுமா தங்கச்சி? காலு தானா பிரேக்குக்குப் போவுது. வூட்டுல சேர்ல உக்காந்தாக்கூட மிதிக்கிறேன். 'தரைய ஏன்யா ஒதைக்கிற'ங்குறா உங்க அண்ணி."

அரியமுத்து ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தொட்டால், கணினியில் "மனிதத் தலையீடு: ஒன்று" என்று பதிவாகிவிடும். மாசிக் கடைசியில் முதலீட்டாளர்கள் வருவார்கள். அன்று ஒன்பது கிலோமீட்டரும் மனிதக் கை படாமல் வண்டி ஓடிவிட்டால் அடுத்த கட்டம் உண்டு, பச்சையம்மாளின் ஆறு மாத வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"வண்டி நல்லா ஓடக் கத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு சார்?" என்று ஒருநாள் ஜெயப்பிரகாஷிடம் கேட்டார்.

"ஓடலன்னாலும் நீங்க எதுக்குக்கா?"

பச்சையம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்ப, அது பாதி கத்துக்கிட்டாப் போதும்ங்களா?"

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். கம்பெனியின் வியாபாரமே ஏழெட்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது என்பது அவருக்கு அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

பச்சையம்மாளுக்கு இந்த வேலையை விட மனமில்லை. பதினான்கு வயதில் தொடங்கிக் களையெடுப்பு, கல் பொறுக்கு, கதிரொடிப்பு என்று அடுத்தவர் காட்டில், அடுத்தவர் குரலுக்குச் செய்த வேலைகளே அதுவரை. ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போன முதல் வேலை இது.

சிக்கல் தானியத்தில் இருந்தது. சாலையில் காயும் மக்காச்சோளத்தின் மேல் வண்டி ஏறக் கூடாது. மணி உடையும், உடைமைக்காரர் கல்லெடுப்பார். கொள்ளுச் செடியின் மேல் வண்டி ஏறியே ஆக வேண்டும். டயர் நசுக்கினால்தான் காய் வெடித்துக் கொள்ளு உதிரும், சாலையில் பரப்புவதே அதற்குத்தான். அங்கே நாகரிகமாக ஒதுங்கிப் போகிற டிரைவரைப் பார்த்து, "ஏம்ப்பா, ஏறுனா உன் டயரு தேஞ்சா போயிரும்?" என்று குரல் வரும். ஏறினாலும் வசவு, ஏறாவிட்டாலும் வசவு. வேனுக்கு இரண்டும் ஒன்றுதான்: தரையில் கிடக்கும் இனம் தெரியாத பொருள். இரண்டின் முன்னாலும் நின்றுவிடும்.

அதற்குக் கற்றுக்கொடுக்க முடிவாயிற்று. வேன் எடுத்த படங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள்; பார்த்துவிட்டு மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். "ஏறலாம்", "ஒதுங்கு", "நில்". ஆயிரக்கணக்கான படங்கள். உள்ளூர் அனுபவம் வேண்டும் என்பதால் பச்சையம்மாளை உட்கார வைத்தார்கள்.

ஜெயப்பிரகாஷுக்குப் படத்தில் தெரிந்தது தானியம். பச்சையம்மாளுக்குத் தெரிந்தது ஆள். ஓரத்தில் வைத்த கல்லை, செருகிய கிளையை, மூடிய தார்ப்பாயைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்.

"இந்தக் கொள்ளு ரெங்கம்மா அக்காவோடது. யாத்தே, அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது." ஒதுங்கு.

"இந்தச் சோளம் அமாவாசை வூட்டுது. பாவம், என்னா பண்ணாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு." ஏறலாம்.

அடுத்த படத்தில், வெள்ளை அடித்த பழைய லாரி டயர்களை எல்லைக்கல்லாக வைத்து ஒரு பெரிய பரப்பு. பன்னிரண்டு ஏக்கர்க்காரர் குருநாதனுடையது. அவர் காட்டில்தான் பச்சையம்மாள் பல வருடம் கதிரொடித்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். மொபெட்டில் முதல் தடவை போனபோது குருநாதன் நடுரோட்டில் நிறுத்தி, "என்னாடி பச்ச, அட்டையெல்லாம் மாட்டிக்கிட்ட? இனிமே கதிரொடிக்க உன்ன காரு வச்சுத்தான் கூப்புடணுமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு நாள் சோளத்தைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னதற்கு, "ஆளே இல்லாத வண்டிக்கு நான் எதுக்கு வழி வுடணும்? ஆளு வந்தாச் சொல்லு, வுடுறேன்" என்றார்.

பச்சையம்மாள் திரையைப் பார்த்தார். அழுத்தினார். ஏறலாம். குருநாதனின் படங்கள் நூற்றுப் பதினாறு வந்தன. நூற்றுப் பதினாறிலும் ஏறலாம்.

இயந்திரம் அக்கறையாகப் படித்தது. நின்று நின்று வந்த வண்டி, தயக்கமில்லாமல் ஓடத் தொடங்கியது. "வட்டாரத் தானியச் சூழலை வாகனம் நுட்பமாக உள்வாங்கிவிட்டது" என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று. வாகனம் உள்வாங்கியது ரெங்கம்மாளின் மேலிருந்த பயத்தையும், அமாவாசையின் சாதுத்தனத்தையும், குருநாதனின் மேலிருந்த கோபத்தையும். ஓர் ஊரைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும் என்பதும் உண்மைதான். சோதனை நாட்களில் குருநாதனின் சோளத்துக்கும் சாலையோரத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு வேன் போகும் அளவுக்கு இடம் இருந்ததால், யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

முதலீட்டாளர்கள் வருவதற்கு முந்தின நாள் தூறல் போட்டது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்க, நனைந்த தானியத்தை எல்லாம் ஊர் சாலைக்குக் கொண்டுவந்து கொட்டியது. பச்சையம்மாள் காலை ஆறு மணியிலிருந்து கெஞ்சியும் கூட்டியும் ஆறு கிலோமீட்டரைச் சரி செய்தார். ஏழாவது கிலோமீட்டரில் குருநாதன் சோளத்தைச் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரப்பியிருந்தார். பைக்குகள் மண்ணில் இறங்கிப் போயின. வேன் தாரை விட்டு இறங்காது. சோளத்தைத் தள்ளி வழி செய்யக் கால் மணி நேரமாவது வேண்டும். வேன் அரைக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டிருந்தது. உள்ளே நான்கு விருந்தினர்கள்.

பச்சையம்மாள் ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டார்.

"சார், வண்டிய நிறுத்துங்க. குருநாதன் சோளம் ரோடு பூரா கெடக்குது."

"இங்க பச்சை காட்டுதுக்கா. ஏறிப் போயிரும்." குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏறக் கூடாது சார், அது சோளம்."

"நீங்கதானக்கா ஏறலாம்னு போட்டிருக்கீங்க."

"அது அந்தாளு மேல இருந்த கோவத்துல போட்டது தம்பி."

"எத்தனை படத்துல?"

"எல்லாத்துலயும்."

ஜெயப்பிரகாஷின் நிலைமை விசித்திரமானது. பச்சையம்மாள் சரியாகக் குறித்திருந்தால், ஒதுங்க இடமில்லாமல் வண்டி நின்றிருக்கும்; அதை மண்ணில் இறக்க அரியமுத்து கை வைத்திருப்பார்; எல்லாம் முடிந்திருக்கும். தப்பாகக் குறித்ததால் வெற்றி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

"அக்கா, ரெண்டே கிலோமீட்டர்தான் பாக்கி. போவட்டும். உங்களுக்கும் வேல நெலைக்கும். அவருகிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்." போனை வைத்துவிட்டார்.

குருநாதன் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஆட்டுப் புழுக்கைக்கே நிற்கிற வண்டி தன் சோளத்துக்கு நிற்காதா என்ற தைரியம் அவருக்கு. "என்னா பச்ச, உன் பேய் வண்டி வருதா? வரட்டும், வரட்டும்."

"ஏறிடுமுங்க. அள்ளுங்க சீக்கிரம்."

"ஏறுமா? அது எதைக் கண்டாலும் நிக்குற சாதி. எனக்குத் தெரியாது?"

வேன் வளைவில் திரும்பியது. ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும். வேலை நிரந்தரம், குருநாதனுக்கும் பாடம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கிற வாய்ப்பு யாருக்கும் அடிக்கடி வருவதில்லை. பச்சையம்மாள் மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். சோளத்துக்கு முன்னால் போய், சாலையின் நட்டநடுவில் வேனைப் பார்த்து நின்றார்.

"ஏ, கிறுக்கு புடிச்சிருக்கா? ஓரமா வாடி!" என்று குருநாதன் கத்தினார். "என் சோளத்துக்காவ நீ சாவுறியா?"

"உங்களுக்காவ இல்லீங்க. இந்தச் சோளத்த மூணு ஞாயித்துக்கெழம ஒடிச்சவ நானு."

வேன் ஆறடி தூரத்தில் நின்றது. மனிதர்கள் வந்த படங்களில் மட்டும் பச்சையம்மாள் ஆள் பார்த்துக் குறிக்கவில்லை. குருநாதன் உட்பட எல்லோருக்கும் "நில்" என்றுதான் போட்டிருந்தார். அரியமுத்துவின் கைகள் மடியிலேயே இருந்தன. கால் மட்டும் தரையை அழுத்தி மரத்துப் போயிருந்தது. உள்ளே விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஒருவர் இறங்கிப் படமெடுத்தார். யார் இந்தப் பெண் என்று கேட்டார்.

"உள்ளூர்க்காரங்க" என்றார் ஜெயப்பிரகாஷ்.

பச்சையம்மாள் பலகையை அவிழ்த்துத் தள்ளத் தொடங்கினார். குருநாதன் நிழலில் நின்றபடியே, "மண்ணுல தள்ளாத, தார்ப்பாயில தள்ளு" என்று யோசனை சொன்னார்.

"வெளக்கமாறு ஒண்ணு சும்மாதான் இருக்குது. வந்து புடிங்க."

கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் குருநாதன் வந்து பிடித்தார். வேன் பொறுமையாகக் காத்திருந்தது. அதற்குப் பொறுமை உண்டு. வழி கிடைத்ததும் மீதி இரண்டு கிலோமீட்டரை ஓடி முடித்தது.

அன்று மாலை பச்சையம்மாள் கணினி முன்னால் உட்கார்ந்து, குருநாதனின் நூற்றுப் பதினாறு படங்களையும் "ஒதுங்கு" என்று மாற்றினார். அமாவாசையின் சோளத்தையும் மாற்றினார். ரெங்கம்மாளின் படங்களைத் தொடவில்லை. அந்தக் கொள்ளு இன்றுவரை "ஒதுங்கு"தான்.

கம்பெனி அறிக்கை நேர்த்தியாக வந்தது. "ஏழாவது கிலோமீட்டரில் எதிர்பாராமல் சாலையின் குறுக்கே வந்த பாதசாரி ஒருவரை வாகனம் துல்லியமாக அடையாளம் கண்டு பாதுகாப்பாக நின்றது. மனிதத் தலையீடு: இல்லை." அடுத்த கட்டம் கிடைத்தது. ஆனால் கிராமச் சாலை என்னும் சிக்கல் தீர்ந்துவிட்டதாக அறிக்கையே சொல்லிவிட்டபடியால், அடுத்த கட்டத்தைச் சுற்றுச்சுவர் போட்ட ஒரு தொழிற்பேட்டைக்குள் நடத்தத் தீர்மானித்தார்கள். அங்கே சோளம் காயாது; கூட்ட ஒன்றும் இருக்காது. அரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேயும் யாராவது ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்க வேண்டுமல்லவா. பச்சையம்மாளின் நியமனம் பங்குனியோடு முடிந்தது. நிறைவுக் கடிதத்தில், வாகனத்தின் கற்றலில் எந்த நிலையிலும் குறுக்கிடாமல் பணியாற்றியதற்காக அவரைப் பாராட்டியிருந்தார்கள்.

அன்று நடந்தது இதுதான்: பச்சையம்மாள் ஓடி வருகிற வண்டிக்கு முன்னால் போய் நின்று அதை நிறுத்தினார். பிறகு சாலையில் கிடந்த மக்காச்சோளத்தைத் தள்ளி ஒதுக்கினார்.