ஊசி போட்ட நர்ஸ் யார்?

காஞ்சன்பாக்கில் ராணுவத்துக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தனசிங் முப்பத்தைந்து வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தார். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் லத்தியும் நினைவுக்கு வர வேண்டாம். செய்து வரும் சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர். அவர் முத்திரை குத்தியதை அதற்குப் பிறகு யாரும் அளக்க மாட்டார்கள். ரிட்டையரானதும் மனிதருக்குக் கை பரபரத்தது. செகந்திராபாத் மெட்டுகூடா வீட்டில் அளக்க ஒன்றும் இல்லாததால், மனைவி லோயிஸ் ஊற்றும் தோசை நேற்றைவிட இன்று ஒரு சுற்றுச் சின்னது என்று கருத்துச் சொல்லத் தொடங்கினார். லோயிஸ் மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"இதுல சினிமாவப் பத்திக் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காவ. உங்களுக்குத்தான் படத்துல குதிரைக்குப் புல்லு போட்டவன் பேருகூடத் தெரியுமே. போய் அவியளுக்குப் பதில் சொல்லுங்க. எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்."

அது பேஸ்புக்கில் 'மற்றும் பலர்' என்ற குழு. நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள், எல்லோரும் பழைய படப் பைத்தியங்கள். கதாநாயகனைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. கோர்ட் சீனில் தூங்கும் குமாஸ்தா யார், வில்லனுக்குக் கார் கதவைத் திறந்துவிடும் ஆள் யார், டைட்டிலில் சண்டைப் பயிற்சி என்று போட்ட பெயருக்குரியவர்தான் கிளைமாக்ஸில் அடி வாங்குகிறாரா என்றெல்லாம் கேட்பார்கள். தனசிங் அதில் இறங்கியதும் தண்ணீரில் விட்ட வாத்து மாதிரி ஆகிவிட்டார்.

அவரிடம் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்த ஒவ்வொரு படத்தின் டைட்டிலையும் இருட்டிலேயே கிறுக்கி வந்து, வீட்டில் திருத்தி எழுதியவை. செகந்திராபாத் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் தெலுங்கும்தான். பையன் தமிழை மறந்துவிடப் போகிறானே என்று பயந்த அப்பா, எந்தப் பாஷைப் படம் பார்த்தாலும் தமிழில்தான் எழுத வேண்டும், படத்தின் பெயர் உட்பட, என்று கட்டளை போட்டிருந்தார். அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு தனசிங் ஐந்து வருஷம் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் 'பாஸ்' என்று ஒரு வார்த்தை போடுவார். தொழிற்சாலைப் பழக்கம். பாஸ் விழுந்துவிட்டால் குழுவில் அதற்குமேல் பேச்சே கிடையாது. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

போன வருஷம் ஜனவரியில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் சுப்ரியா. 'எட்டாம் நம்பர் படுக்கை' என்ற 1971-ஆம் வருஷத்துப் படத்தில், ஆஸ்பத்திரியில் கதாநாயகனுக்கு ஊசி போட வரும் நர்ஸாக நடித்தது யார்?

தனசிங் திருச்சபையில் பாடகர் குழு ஒத்திகைக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். அப்படியே மூன்றாவது நோட்டைப் புரட்டினார். பெயர் இருந்தது. 'ஹேமசுந்தரி. பாஸ்' என்று தட்டிவிட்டு இன்னொரு செருப்பை மாட்டினார். மொத்தம் மூன்று நிமிஷம். எண்பது பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து அதே சுப்ரியாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. பக்கத்திலேயே, தார்நாகாவில் இருக்கிறாராம். அப்பா அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து காலமானவர். அம்மா கல்பகத்துக்கு எழுபத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், வர வேண்டிய நடிகை வராததால் தன்னை நர்ஸாக நிற்க வைத்தார்கள் என்று அம்மா ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள். அம்மாவின் பிறந்த நாளுக்கு அந்தக் காட்சியைத் தேடிப் பிடித்துக் காட்டலாம் என்றுதான் சுப்ரியா குழுவில் கேட்டிருக்கிறார்.

'உங்கள் பதிலை அம்மாவிடம் காட்டினோம்' என்று எழுதியிருந்தார். 'அதற்குப் பிறகு அம்மா சரியாகப் பேசுவதே இல்லை. நடக்காததை நடந்ததாக நினைத்துக்கொள்வது மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று என் கணவர் வாசு பயப்படுகிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். உங்கள் உதவியால் சீக்கிரம் தெரிந்தது. நன்றி.'

தனசிங் அந்த நன்றியை இரண்டு தடவை படித்தார். அன்று திங்கட்கிழமை.

மூன்றாவது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. அவருடைய பதினாலு வயதுக் கையெழுத்து, ஊசி போடும் நர்ஸ் ஹேமசுந்தரி என்று. காய் நறுக்கிக்கொண்டிருந்த லோயிஸ் எழுந்து வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"தேதி என்ன போட்டிருக்கு?"

"எழுபத்திரண்டு மார்ச் பதினஞ்சு. புதன்."

"மார்ச் மாசத்துல புதன்கிழமை உங்களுக்கு எவன் தமிழ்ப் படம் போட்டான்?"

தனசிங் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தக் காலத்துச் செகந்திராபாத்தில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும்தான். ஞாயிறு காலையில் தனசிங் சபையில் நின்று பாடிக்கொண்டிருப்பார். அப்பா தோலை உரித்துவிடுவார் என்பதால் அதில் மாற்றமே கிடையாது. அவர் பார்த்த தமிழ்ப் படம் எல்லாம் மே மாத லீவில் சொந்த ஊரான பாளையங்கோட்டையில் பார்த்தது. மார்ச் மாதம் புதன்கிழமை பார்த்திருந்தால் அது தெலுங்குப் படமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரே செட்டில், ஒரே நாயகன் நாயகியை வைத்து, இரண்டு பாஷையிலும் சேர்த்து எடுத்த படம் அது. சின்ன வேஷங்களுக்கு மட்டும் அங்கே ஒருவர், இங்கே ஒருவர். தெலுங்கில் பார்த்ததைப் பையன் அப்பா சொன்னபடி பெயரைத் தமிழாக்கித் தமிழில் எழுதி வைத்துவிட்டான். அறுபத்தாறு வயதில் தனசிங் அதை எடுத்துத் தமிழ்ப் படத்துக் கேள்விக்குப் பதிலாகப் போட்டுவிட்டார். தமிழும் தெலுங்கும் மண்டைக்குள் சுவரில்லாமல் குடியிருக்கிற ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

"சாமானைப் பாக்காம பேப்பரைப் பாத்து முத்திரை குத்திட்டேன், லோயிஸ்" என்றார்.

"குத்தினதை எடுத்துக்கிடுங்க. ஃபேக்டரியில தப்பு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

என்ன செய்வார்? சரியான சாமான் கிடைக்கும்வரை காத்திருக்க மாட்டார். முதலில் தப்பானதை எல்லோருக்கும் அறிவித்துத் திரும்ப வாங்குவார். அன்று மத்தியானமே குழுவில் எழுதினார். 'நான் சொன்னது தெலுங்குப் படத்து நர்ஸின் பெயர். தமிழ்ப் படத்து நர்ஸ் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பாஸ் போட்டது என் குற்றம். அந்தப் பதிலை வாபஸ் வாங்குகிறேன். தமிழ்ப் பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.' ஐந்து வருஷத்தில் அவர் 'தெரியாது' என்று எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும், வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அது அவருக்கே ஆச்சரியம்.

சிலர் கிண்டல் செய்தார்கள். அதை அவர் படித்துக்கொண்டிருக்கவில்லை. சுப்ரியாவுக்குப் போன் செய்தார்.

"அங்கிள், நீங்க இவ்வளவு தூரம் ஃபீல் பண்றதே பெரிசு" என்றார் சுப்ரியா. "ஆனா உங்க பதில் தப்புங்கறதாலே அம்மா சொல்றது ரைட்டுன்னு ஆயிடாதே. வேற யாராவது நடிச்சிருக்கலாமே. அம்மாவுக்கே இப்ப சந்தேகம் வந்துடுத்து. டாக்டரைப் பார்த்துடறதுதான் நல்லது."

நியாயமான பேச்சு. போனை வைத்துவிட்டுத் தனசிங் தேட உட்கார்ந்தார்.

தமிழ்ப் படம் இணையத்தில் எங்கும் கிடைக்கவில்லை. செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. லோயிஸ் வைத்த மீன் குழம்பைப் பற்றி அவர் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாதபோது அவளே பயந்துவிட்டாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஃபெலிக்ஸ் என்பவர் கூப்பிட்டார். ஒரு காலத்தில் வீடியோ கடை வைத்திருந்தவர். பரணில் கிடந்த கேசட்டைத் துடைத்து ஓடவிட்டு, டிவியில் வந்ததைப் போனில் பிடித்து அனுப்பியிருந்தார். பதினான்கு விநாடி.

தனசிங் அதை முப்பது தடவை பார்த்திருப்பார். மெலிந்த ஒரு பெண் ட்ரேயோடு வருகிறாள், குனிந்து ஊசி போடுகிறாள், போகிறாள். கேசட் பூஞ்சை பிடித்துப் போனதால் முகம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி தெரிந்தது. ஹேமசுந்தரி இல்லை, அது நிச்சயம். ஆனால் கல்பகமா? ஐம்பது வருஷத்துக்கு முந்தைய முகத்தை யார் சொல்ல முடியும்? ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. ஊசி போட்டதும் அந்த நர்ஸ் திரும்பி நடக்கவில்லை. கேமராவைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து கதவு வழியே வெளியே போனாள். எந்த ஊர் நர்ஸ் அப்படிப் போவாள்?

"இதைப் போட்டுக் காட்டினா அந்தம்மா ஆமான்னும் சொல்லும், இல்லன்னும் சொல்லும். யாரும் நம்ப மாட்டாவ" என்றாள் லோயிஸ்.

"காட்டுததுக்கு முன்னால கேக்கணும்" என்றார் தனசிங். "கிளம்பு."

மூன்று மணிக்குத் தார்நாகா வீட்டில் இருவரும் நுழைந்தார்கள். சுப்ரியா கதவைத் திறந்தார். கல்பகம் சோபாவின் ஓரத்தில், ஏதோ அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். தனசிங் போய் எதிரே நின்றார்.

"அம்மா, நான்தான் தனசிங். உங்களைக் கேக்காம, படத்தையும் பாக்காம வேற ஒருத்தர் பேரை எழுதினவன். மன்னிச்சிடணும்."

"உக்காருங்கோ" என்றார் கல்பகம். "உங்க மேல என்ன தப்பு? எனக்கே நிச்சயமா தெரியலை. வயசாயிடுத்து."

தனசிங் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை மட்டும் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

கல்பகம் மகளைப் பார்த்தார். சொன்னால் நாளைக்கு டாக்டரிடம் அதையும் சொல்வார்களோ என்கிற தயக்கம் முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாக ஆரம்பித்தார். தோழியின் அண்ணா அங்கே உதவி கேமராமேன். தோழியோடு போனேன். வெயில். வர வேண்டியவள் வரலை. யாரோ என்னைக் காட்டி, இந்தப் பொண்ணு நிக்கட்டும்னா.

"ஊசியைத் தலகாணியிலதான் குத்தினேன். அவர் கையில இல்லை."

சுப்ரியாவுக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த கதை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார் தனசிங்.

"அப்புறம் என்ன, வெளில போனேன். அதுவே பெரும்பாடு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, வெக்கமா இருக்கும். அந்த வெள்ளை கவுன் வேற யாருக்கோ தெச்சது. என் உடம்புல பின்பக்கம் ஊக்கு போட முடியலை. கிழிச்சு விட்டு, நாடா வெச்சுக் கட்டியிருந்தா. முதுகு பூரா தெரியும். அதனால டைரக்டர், 'அம்மா, திரும்பாம அப்படியே பின்னாலயே நடந்து போயிடு'ன்னார். நான் அப்படியே போனேன். வாசல் நிலைல தோளை இடிச்சுண்டேன்."

லோயிஸ் "கர்த்தாவே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"சுப்ரியாம்மா, அம்மா சொன்னதைக் கேட்டீங்க இல்லியா? இப்ப வந்து பாருங்க" என்று தனசிங் போனை எடுத்துக் கல்பகத்தின் கையில் கொடுத்தார்.

பதினான்கு விநாடி. மெலிந்த பெண் வந்தாள், குனிந்தாள், ஊசியைத் தலையணைப் பக்கம் கொண்டுபோனாள். பிறகு பின்பக்கமாகவே நடந்தாள். தோள் கதவு நிலையில் மோதி, உடம்பு ஒரு கணம் குலுங்கியது. முப்பது தடவை பார்த்தும் தனசிங் கவனிக்காதது அது.

கல்பகம் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை முடிந்ததும், "நான்தான்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். சுப்ரியா ஓடிவந்து தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, சாரிம்மா. நான் உன்னை நம்பியிருக்கணும்."

"நீ நம்பாதது போகட்டும்டி. நானே என்னை நம்பலையே" என்றார் கல்பகம். "இதுவே நடக்கலைன்னா, வேற எதெல்லாம் நடக்கலையோன்னு பத்து நாளா உள்ளுக்குள்ளே பயம். உன் அப்பா என்னை முதல் தடவையா எக்ஸிபிஷனுக்குக் கூட்டிண்டு போனது, நீ பொறந்த அன்னிக்கு மழை பெஞ்சது, எதைச் சொல்ல வாயெடுத்தாலும் இது நெஜமா, நானா கட்டிண்டதான்னு நிறுத்திண்டுடுவேன். அவர் பத்தின ஞாபகத்தைத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

சுப்ரியா எழுந்து உள்ளே போய், பேஷன்டுக்கு ஒன்றுமில்லை என்று ஊர் உருதுவில் சொல்லி நாளைய டாக்டர் நேரத்தை ரத்து செய்வது கூடத்தில் கேட்டது. "ஹவ், கேன்சல். நை, பேஷன்ட் கோ குச் நை ஹுவா." தனசிங் அப்போதுதான் சோபாவில் முதுகைச் சாய்த்தார். மூன்று நாளாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. பசித்தது. தட்டில் வைத்திருந்த தட்டையை எடுத்துக் கடித்தார்.

கல்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எக்ஸிபிஷனில் அவர் கணவர் ராட்டினத்தில் ஏறி மேலே போனதும் கத்திய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அதிலிருந்து கல்யாணத்துக்குப் போனார், கல்யாணத்திலிருந்து தார்நாகாவுக்கு முதன்முதலாக வந்த நாளுக்கு. ஆறு மணிக்குத் தனசிங்கும் லோயிஸும் விடைபெற்று எழுந்தபோதும், கேட் வரைக்கும் கூடவே வந்து பேசிக்கொண்டிருந்தார்.