மூச்சு வந்த பிறகு

அம்புலன்ஸ் வேலையில் ஒருவருடைய வாழ்க்கையில் அரை மணித்தியாலம்தான் எங்கள் பங்கு. வண்டியின் பின்பக்கத்தில் முழங்கால் தேய நிற்கிற என் கூட்டாளிகளுக்கு இது விளங்கும்.

கை மாற்றுதல்

பண்டத்தரிப்பில் ஒரு வெங்காயத் தோட்டம். ஆறு வயது யாழினி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, மூச்சும் நாடியும் நின்றுவிட்டன. நாங்கள் போனபோது தகப்பன் சிவநேசன், தொலைபேசியில் எங்கள் அழைப்பு நிலையத்து ஆள் எண்ணிச் சொல்லச் சொல்ல, பிள்ளையின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். எலும்பு முறியப்போகிறது என்று சுற்றி நின்றவர்கள் ஏசினார்கள். நான் தோளைத் தொட்டும் அவர் நகரவில்லை.

"நீங்கள் கை வைச்சாப்பிறகுதான் நான் எடுப்பன்."

பிளேன்ரீ

மானிப்பாய் தாண்டும்போது நாடி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தால், எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. எங்கள் சாரதி அன்ரன் அண்ணை குருநகர்க்காரர். கடையில் பாலில்லாத பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கித் தந்தார். "இனி பிள்ளை எப்படியிருப்பாள்?" என்று கேட்டேன்.

"உயிரோடை குடுத்தாச்சு. மிச்சத்தையும் யோசிச்சா நாளைக்கு வண்டி எடுக்கேலாது."

நான் ஆர்?

இரண்டு மாதம் கழித்து, லீவு நாளொன்றில் பிஸ்கட் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நாலு நல்ல வார்த்தை கேட்கத்தான் போனேன். எங்கள் ஊரில் சுகம் விசாரிக்க வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "நான் ஆர், சொல்லு பாப்பம்" என்று சோதனை வைப்பார்கள். மாமி, சித்தப்பா எல்லாரையும் யாழினி சரியாகச் சொன்னாள். நானும் வெட்கமில்லாமல் வரிசையில் நின்று கேட்டேன். அவள் என்னைக் கண்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஆட்கள் போன பிறகு தாய் சொன்னார். தொடங்கிய வசனம் பாதியில் மறந்துபோகிறதாம். பென்சில் பிடித்தால் கை நடுங்குகிறதாம். பள்ளிக்கூடத்தில் இன்னொரு வருஷம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்கிறார்களாம்.

"பிள்ளை தப்பிட்டாள் எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் போயினம். தப்பி வந்த பிள்ளையை நான்தான் புதுசாப் பழகவேண்டியிருக்கு."

படலையடியில்

வாசல் படலைவரை வழியனுப்ப வந்த சிவநேசன், தான் அழுத்தியதால்தான் இப்படியானதோ என்று கேட்டார். "இல்லை, அதாலைதான் அவள் இருக்கிறாள்" என்றேன். அப்படியென்றால் எதால் என்று கேட்டார். அன்றைக்குச் சுற்றி நின்றவர்கள் சொன்னது எனக்குத் தெரியும். அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்குவதற்கு முன்னர் அவருடைய தமையன் பிள்ளையைப் பறித்து, காலில் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார், தண்ணீர் வெளியேறட்டும் என்று. எங்கள் பக்கம் பலர் செய்கிற பிழை அது. மூளைக்கு இரத்தம் போகாத நிமிடங்கள் அவை. ஆனால் எந்த நிமிடம் எதைக் கொண்டுபோனது என்று டொக்டர்களாலேயே சொல்ல முடியாது.

அந்தத் தமையன் பக்கத்தில்தான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். பிள்ளையைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். அவரே சொன்னார்.

"நான் பறிக்காமல் விட்டிருந்தா தம்பி முந்தியே தொடங்கியிருப்பான்."

சனசமூக நிலையம்

அடுத்த மாதம் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் நெஞ்சழுத்தம் பழக்கப் போனேன். அந்தத் தமையன்தான் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். நான் பயிற்சிப் பொம்மையை எடுத்து வைக்க முன்னரே எழும்பி நின்றார்.

"தண்ணிக்கை விழுந்த பிள்ளையைத் தலைகீழாப் பிடிக்காதேங்கோ. நான் பிடிச்சனான்."

மூச்சைத் திருப்பிக் கொண்டுவர எங்களுக்குச் சீருடை, சைரன், பயிற்சி எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு வருகிற வருஷங்களுக்கு அந்த வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்தான்.