பெயிண்ட் கீறல்

எழுபதுகளில் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் ஃபிட்டர். என் கண்ணுக்குத் தப்பி ஒரு போல்ட்டுகூடத் தளராது என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம். அந்தத் திமிர் இப்போதும் முழுக்கப் போய்விடவில்லை.

கொழுந்து முறுக்கும் ரோலரை ஓட்டியவன் ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, ஷாஃப்டுல இந்த எடத்துல தொடைக்கத் தொடைக்க எண்ணெ கசியுது. கிராக்கா இருக்குமோ?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "பெயிண்ட் கீறல்டா. நீ கொழுந்த மட்டும் பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

அவன் சாப்பிடப் போனதும் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசிப் பார்த்தேன். வெள்ளையில் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு எழுந்தது. விரிசல்தான். வெளியே சொன்னால் கண்டுபிடித்தவன் அவன் என்றாகிவிடும். சொல்லவில்லை. இரும்பு ஒரே நாளில் முறிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் துளி வளைந்து நிமிர, கோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அடுத்த ஓவர்ஹாலில் நானே கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதுவரை ஷாஃப்ட் தாங்கவில்லை. ஒரு காலையில் முறிந்து ரோலரையும் நாசமாக்கியது. அளவுக்கு மேல் கொழுந்து போட்டான் என்று அவன் மேல் விசாரணை வைத்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். அவன் மனைவிக்கு அது நிறைமாதம்.

ஷாஃப்ட் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடந்தது, பழைய விரிசல். மிச்சம் மட்டும்தான் அன்று முறிந்த பளபளப்பு. அவனைக் காப்பாற்ற அந்தக் கறுப்பு போதும், என்னைக் காட்டிக்கொடுக்கவும் போதும். அரத்தால் ராவி, எமரித்தாள் போட்டு முழுவதையும் பளபளப்பாக்கினேன். சுத்த அயோக்கியத்தனம். விசாரிக்கப்போகும் மேனேஜர் துரைக்குத் தேயிலை தெரியும், இரும்பு தெரியாது.

விசாரணையில், "புது முறிவுதான் சார்" என்றேன். துரை முறிந்த ஷாஃப்ட் துண்டை அவனிடம் கொடுத்து, "நீ என்ன சொல்றே?" என்றார்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் நக இடுக்கில் இரும்புத்தூள் மின்னியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"அண்ணே அப்பவே பாத்துட்டு பெயிண்ட் கீறல்னாரு தொரை. அவரு சொன்னா தப்பா இருக்காது. நாந்தான் கொழுந்தக் கூடப் போட்டிருப்பேன்."

துரை என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.