பர்மாக் குருவி

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டாங்குச்சியில் நொய்யரிசி கட்டித் தொங்கவிட்டிருந்தார். குருவிகள் புரண்டு குளிக்க ஒரு தட்டில் மணல். சுவரில் சென்னாக்குனி, அந்தப் பொடி இறால் கருவாட்டை, தூவுவார். அதைத் தின்ன வரும் குண்டுகரிச்சான் ஒன்று, தின்றுவிட்டு அரைமணி நேரம் பாடும்.

என்னிடம் நல்ல கேமரா இருந்தது. பறவைகள்தான் இல்லை. என் வீட்டில் கருவாடு, சென்னாக்குனி எதுவும் நுழையாது. நான் வைத்த சோற்றுக்குக் காக்கைகள் வந்தன. ஸ்டூல் போட்டு ஏறி, அவர் கொல்லையைத்தான் படமெடுத்தேன்.

"கேமரா உன்னுது, குருவி என்னுது. இன்னா சார், வாடகை குடுப்பியா?" என்பார்.

தினமும் இதே கேலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்கவில்லை.

துறைமுகத்து நிலக்கரித் தூள் எங்கள் ஜன்னலில் படியாத நாள் கிடையாது. துடைத்துச் சேர்த்த கரியை, அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அந்த மணல் தட்டில் கொட்டிக் கலந்தேன். மறுநாள் காலை சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"சார், கேமராவ எடுத்துகினு வா. புதுசா ஒண்ணு வந்துகீது."

உச்சி முதல் வால் வரை கறுத்த ஆண் சிட்டுக்குருவி. நான் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் புரட்டினேன். "பர்மாப் பக்கத்துக் குருவி. வழி தவறி வந்திருக்கு" என்றேன். படமும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பெரிதாகப் பிரதி போட்டு, சட்டம் அடித்து, தெருமுனை சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒரு வாரம் தெருவே வந்து பார்த்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அவரும் பெஞ்சில் இருந்தார். மீன் கூடையோடு வந்த அம்மாள் வாசலில் நின்று படத்தைப் பார்த்தார்.

"இது இன்னா பர்மா? நம்ம ஊட்டுக் குருவி, கரி பூசிகினு கீது. காயப்போட்ட என் புடவகூட சாயங்காலம் இந்தக் கலருதான்."

சலூன் சிரித்தது. "இன்னா நைனா, நீயே பூசி வுட்டியா?" என்றார் சலூன்காரர்.

அந்தத் தெருவில் எந்தத் தகராறானாலும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பார்த்தார். "சார், நீ சொல்லு. நீதான பர்மான்னு சொன்ன?"

முகம் முழுக்க நுரை. "நான் எப்பங்க சொன்னேன்? நீங்க கூப்பிட்டீங்க, எடுத்தேன்" என்றேன்.

அவர் எழுந்து படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கொட்டாங்குச்சியும் இல்லை, தட்டும் இல்லை. குண்டுகரிச்சான் இரண்டு நாள் வெறும் சுவரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள், மனைவிக்குத் தெரியாமல் சென்னாக்குனி வாங்கிவந்து என் பக்கம் தூவினேன். வந்தது. தின்றது. கேமரா மடியில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது. "சார், அத்த கொஞ்சம் தண்ணில நனச்சிப் போடு. காஞ்சத தின்னா அதுக்குத் தொண்ட கட்டிக்கும்."

கரி கொட்டியது நான்தான் என்று அந்தச் சுவருக்கு மேலாகவே சொல்லியிருக்கலாம். மூன்றே சொற்கள். "சரிங்க" என்றேன்.